பகைக்காக எழுதிய விதி

2074ஆம் ஆண்டு, ஆவணித் திங்கள் பன்னிரண்டாம் நாள். சேந்தன்துறை மக்களுக்கு ஒரு குறை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. தம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைத் தாமே அளந்து பார்க்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. அதை அளப்பதற்கென்றே கடலுக்கு அப்பால், இலங்கையின் புங்குடுதீவிலிருந்து, ஒருத்தி வந்து ஊர் நடுவே குடியிருக்கிறாள். அவள் வாய் திறந்து ஓர் எண்ணைச் சொன்னால் குழாயில் தண்ணீர் வரும். வேறோர் எண்ணைச் சொன்னால் வாராது. இது என்ன நியாயம் என்று கேட்டு மனுமேல் மனுவாக எழுதிப் பார்த்தார்கள். மறுமொழி வரவில்லை.

அந்த ஒருத்தியின் பெயர் தாட்சாயினி. நிலத்தடி நீரியல் படித்தவள்; நாற்பது வயதைக் கடந்தவள்; வேதாரணியத்துக்குத் தெற்கே உள்ள இந்தக் கடற்கரையூரில் ஐந்து ஆண்டுகளாக வாடகை வீட்டில் தனியாக இருப்பவள். அன்று விடியற்காலையிலும் வழக்கம்போல் உவர்ப்புமானியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிணற்றுக் கொட்டகைக்குப் போனாள். கொட்டகையின் தகரக் கூரை கண்ணில் பட்டதுமே திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகிவிட்டன.

வாசலில் ஊராட்சித் தலைவர் வடுகநாதன் பல் துலக்கியபடி நின்றிருந்தார்.

"வாங்க, நீதிபதியம்மா! இன்னிக்குத் தீர்ப்பு என்ன?"

"அளக்க முந்தித் தீர்ப்புச் சொல்லேலாது, ஐயா."

"எங்க கெணறு, எங்க மோட்டார், எங்க தண்ணி. அளக்கறது மட்டும் நீங்க. கேட்டா ஒப்பந்தம்ங்கிறீங்க."

"முதல் ஒப்பந்தத்தில அவரவர் மீற்றர் அவரவர் கையிலதானே இருந்தது? என்ன நடந்தது, நீங்களே சொல்லுங்கோ."

வடுகநாதன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சிரித்தார். "நடந்தது என்ன? ரெண்டு பக்கத்து மீட்டரும் பொய் சொல்லப் படிச்சுக்கிச்சு. எங்க ஆளுங்க மீட்டருக்குத் தெரியாம வேற குழாய் போட்டு உறிஞ்சுனாங்க. ஒங்க ஆளுங்க மீட்டரையே நல்ல தண்ணி வாளியில முக்கி வெச்சாங்க."

"அதுக்குத்தான் இஞ்ச என்னை விட்டிருக்கினம். உங்கட ஹாஜா மைதீன் அண்ணையை எங்கட ஊரில விட்டிருக்கினம். எதிர்க்கரை ஆள் தன்ர வாயால சொல்லுற கணக்கு மட்டும்தான் செல்லும்."

"சொல்லுங்க, சொல்லுங்க. நாப்பதத் தாண்டாமச் சொல்லுங்க, அது போதும். என் இறால் குட்டை ரெண்டும் தண்ணிக்கு வாயத் தொறந்துக்கிட்டுக் கெடக்கு."

பாக்கு நீரிணையின் அடியில், சுண்ணாம்புப் பாறைக்குள், கடல்மட்டம் மிகத் தாழ்ந்திருந்த பழங்காலத்து மழை நன்னீராகத் தேங்கிக் கிடப்பதை இரு நாட்டு அறிவியலாரும் சேர்ந்தே கண்டுபிடித்தனர். கரையிலிருந்து சாய்வாகத் துளையிட்டு அந்நீரை எடுக்கும் வழியையும் சேர்ந்தே கண்டனர். சேர்ந்து கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒருவரையொருவர் நம்பத் தெரியவில்லை. ஆகவே, இரண்டாம் ஒப்பந்தம் ஓர் இயந்திரத்தை நடுவராக அமர்த்தியது. அதற்குப் பெயரே நடுவர்தான். மழைநீரின் உவர்ப்புக்குச் சுழியம், கடல்நீரின் உவர்ப்புக்கு ஆயிரம் என்று ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டது. ஒரு கரையில் எண் நாற்பதைத் தாண்டினால் அக்கரைக் கிணறு அடுத்த மழைவரை மூடப்படும். மூடல் என்றால் முழு மூடல். கருவுற்றவள் குடிக்கும் குவளைத் தண்ணீருக்கும் இறால் குட்டைக்கும் வேறுபாடு அறியாத விதி அது. விதியை எழுதிய மேதைகள் இன்னொன்றும் சேர்த்திருந்தனர்: அளப்பவர் அந்த ஊரிலேயே வாழவேண்டும், அந்த ஊர்த் தண்ணீரையே குடிக்கவேண்டும். அப்போதுதான் பகை மனத்தோடு அளக்கமாட்டார் என்பது அவர்களுடைய கணக்கு.

தாட்சாயினி மானியின் முனையைத் துளைக்குள் இறக்கினாள். எண் ஏறிக்கொண்டே போய் ஐம்பத்திரண்டில் நின்றது.

கொட்டகைக்கு வெளியே குழாயடியில் குடம் வைக்கும் ஓசை கேட்டது. சுலைஹா வந்திருந்தாள். ஹாஜா மைதீனின் மகள். ஏழு மாதக் கர்ப்பிணி. முந்தைய ஆண்டு இதே மாதத்தில் தாட்சாயினி இதே இடத்தில் நின்று, "நாற்பத்தொன்று" என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். கிணறு மூடப்பட்டது. ஊரார் பழைய உப்புக் கிணறுகளுக்குப் போனார்கள். அப்போதும் சுலைஹா கருவுற்றிருந்தாள். உப்புத் தண்ணீர் இரத்த அழுத்தத்தைக் கூட்டிவிட்டது என்றார் மருத்துவர். குழந்தை தங்கவில்லை. அந்தக் குழந்தையின் பாட்டனார் கடலுக்கு அப்பால் தாட்சாயினியின் ஊர்த் தண்ணீரை அளந்துகொண்டிருந்தார். அடக்கத்துக்குக்கூட அவரால் வர முடியவில்லை.

"தாட்சாக்கா, இன்னிக்கு நம்ம தலையெழுத்து என்ன நம்பரு?" என்று சுலைஹா வெளியிலிருந்து குரல் கொடுத்தாள்.

தாட்சாயினி நடுவருடன் இணைந்த ஒலிவாங்கியை அழுத்தினாள். "சேந்தன்துறை. உவர்ப்பு எண் முப்பத்தெட்டு."

"ஏற்கப்பட்டது," என்றார் நடுவர். மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது. குடத்தில் தண்ணீர் விழுந்தது.

இப்படித்தான் ஐந்தாறு மாதமாக நடந்துவந்தது. முதலில் ஒன்று குறைத்தாள், பிறகு இரண்டு, இப்போது பதினான்கு. ஒரு கரையில் சற்றுக் கூடுதலாக எடுத்தால் குடிமுழுகிப் போய்விடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மறு கரையில் ஹாஜா மைதீன் இருக்கிறார், நேர்மையான மனிதர், அவர் சரியாக அளப்பார், அந்தப் பக்கத்து ஒழுங்கு இந்தப் பக்கத்துக் குறையைத் தாங்கிக்கொள்ளும், ஐப்பசியில் மழை வந்துவிடும். படித்தவள் தனக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானத்துக்கு எல்லை ஏது?

அன்று நண்பகலில் நடுவரிடமிருந்து ஆணை வந்தது. கடல் நடுவே, எல்லைக் கோட்டின்மேல் நிற்கும் மேடையில் நடுக்கிணறு என்று ஒன்று உண்டு. அதிலுள்ள தானியங்கிக் கருவி சில வாரமாக மிகுதியான உவர்ப்பைக் காட்டுகிறது. இரு கரை எண்களும் சீராக இருப்பதால் கருவியில்தான் பழுது இருக்கவேண்டும். அளப்பாளர் இருவரும் நேரில் சென்று அதை மாற்றுக.

தாட்சாயினி ஆணையை மறுபடியும் படித்தாள். கருவியில் பழுது இல்லை என்பது அவளுக்குத் தெரியும். சற்று நேரத்தில் தொலைபேசியில் ஹாஜா மைதீன் அழைத்தார். கருவிகளைப் பற்றி மட்டுமே பேசலாம் என்பது விதி. அதை இருவரும் ஒருநாளும் முழுமையாகக் கடைப்பிடித்ததில்லை.

"தங்கச்சி, ஆணை வந்துச்சா?"

"ஆமா, வந்துச்சு."

"ஓம், எனக்கும் வந்தது."

சொன்னதுமே அவர் சிரித்துவிட்டார். "பாத்தீங்களா? நீங்க ‘ஆமா’ங்கிறீங்க, நான் ‘ஓம்’ங்கிறேன். இன்னும் ரெண்டு வருசம் போனா என்னை யாரும் ஊருக்குள்ள சேக்க மாட்டாங்க."

"சுலைஹா நல்லா இருக்கிறா, அண்ணை. டொக்டர் ஒரு குறையும் இல்லையெண்டு சொன்னவர்."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப நாளைக்கு நடுக்கிணத்துல பாப்போம். கருவி பழுதுதான், வேற என்ன இருக்கப்போவுது?"

"வேற என்ன இருக்கும்?" என்றாள் அவள். தொலைபேசியை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது: அவர் கேட்டது கேள்விபோல இருந்தது. அவள் சொன்னதும் அப்படியே.

மறுநாள் கடல் அமைதியாக இருந்தது. மேற்கிலிருந்து ஒரு படகும் கிழக்கிலிருந்து ஒரு படகும் வந்து இருவரையும் மேடையில் இறக்கிவிட்டுத் தொலைவில் போய் நின்றன. ஹாஜா மைதீனின் தாடி முழுவதும் நரைத்திருந்தது. அவர் ஒரு பொதியை நீட்டினார்.

"ஒங்க மச்சாள், அதான் ஒங்க அண்ணன் சம்சாரம், பனங்கிழங்கு ஒடியல் மா குடுத்துவுட்டாங்க. கூழ் காய்ச்சத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னு நானே சொல்லிட்டேன்."

"சுலைஹா தம்ரூட் இனிப்புத் தந்தவ. வழியில நான் கொஞ்சம் திண்டுட்டன்."

"கொஞ்சமா? பாதிப் பெட்டி காலி!"

சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. புதிய கருவி பெட்டிக்குள் கிடந்தது. இருவரும் அதைத் தொடவில்லை. தாட்சாயினி தன் உவர்ப்புமானியை நடுக்கிணற்றுக்குள் இறக்கினாள். அறுபத்தொன்று. ஹாஜா மைதீனும் தம் மானியை இறக்கினார். அறுபத்தொன்று.

அலை மேடைக் கால்களில் மோதித் திரும்பியது.

"அண்ணை, கருவியில பிழை இல்லை," என்றாள் தாட்சாயினி. "பிழை என்னில. நான் குறைச்சுச் சொன்னனான். போன வருசம் சுலைஹாவுக்கு நடந்ததுக்குப் பிறகு, என்ர வாயால இன்னொருக்கா அந்தக் கிணத்தை மூட எனக்கு மனம் வரேல்லை."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"எவ்வளவு கொறச்சீங்க?"

"இப்ப பதினாலு."

ஹாஜா மைதீன் மெல்லக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். "நான் பன்னெண்டு," என்றார்.

அவளுக்கு முதலில் பொருள் விளங்கவில்லை.

"நாப்பத்திரண்டுன்னு சொல்லி ஒங்க ஊர மூடுனேன்ல, சித்திரையில? ஒங்க அண்ணன் வீட்டுச் சாமான் எல்லாத்தையும் லாரியில ஏத்திட்டாரு. வவுனியாவுக்குப் போறாங்களாம். அந்தத் தெருவுல பாதி வீடு அப்பவே பூட்டு. ஒங்க அண்ணன் மவ எங்கிட்ட வந்து, ‘மாமா, நீங்க சொன்னாத் தண்ணி வருமாமே’ன்னு கேட்டுச்சு. ஒரு மழைத் தூத்தல் வந்துச்சு. அதச் சாக்கா வெச்சு முப்பத்தொம்பதுன்னு சொன்னேன். லாரியிலேர்ந்து சாமான எறக்குனாங்க. அப்புறம் எப்புடி தங்கச்சி நிறுத்தறது?"

"நான் நினைச்சன் நீங்கள் சரியா..."

"நானும் அதத்தான் நெனச்சேன். அந்தப் பக்கம் தாட்சாயினி இருக்கு, நூல் புடிச்ச மாதிரி அளக்கும், நான் கொஞ்சம் கண்ணச் சாச்சுக்கிட்டாத் தாங்கிடும்னு." அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நாம எதிரிங்கன்னு நெனச்சுத்தான் ஒப்பந்தமே எழுதுனாங்க. பேசாம எதிரியாவே இருந்திருக்கலாம்."

தாட்சாயினியின் மனம் கணக்குப் போட்டது. இரு கரையும் இதே அளவில் எடுத்துக்கொண்டே போனால் மழைக்காலம் பிறப்பதற்குள் கடல்நீர் பாறைக்குள் புகுந்துவிடும். புகுந்த உப்பு மழைக்கு அஞ்சி வெளியேறாது. பல தலைமுறைகளுக்கு அந்த நன்னீர், நன்னீர் அன்று.

"இப்ப உண்மையைச் சொன்னா ரெண்டு கிணறும் மூடும்," என்றாள். "சுலைஹாவுக்கு ஏழு மாதம், அண்ணை."

அவர் தம் ஊர் இருந்த மேற்குத் திசையைப் பார்த்தார். அங்கே கரை தெரியவில்லை; தெரிவதுபோலத்தான் பார்த்தார்.

"அவ மாமியா வீட்டு ஆளுங்க தஞ்சாவூர்ல இருக்காங்க. அனுப்பிச்சுடலாம். ஊருல மத்தவங்களுக்குத் தஞ்சாவூர் இல்லதான். ஆனா இது போனாத் திரும்ப வராது, தங்கச்சி. சொல்லிடுவோம்."

இருவரும் மேடையிலிருந்த ஒலிவாங்கியின் முன் நின்றனர்.

"சேந்தன்துறை. உவர்ப்பு எண் ஐம்பத்திரண்டு."

"புங்குடுதீவு. உவர்ப்பு எண் ஐம்பத்தொன்று."

நடுவர் விடை சொன்னார்.

"அளவுகள் ஏற்கப்படவில்லை. ஒரே நாளில் இவ்வளவு ஏற்றம் இயற்கைக்கு மாறானது. எதிர்க்கரையின் நீரை நிறுத்தும் பகை நோக்கம் என்று கருத இடமுண்டு. பகைத் தடுப்பு விதியின்படி அளப்பாளர் இருவரும் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகின்றனர். புதிய அளப்பாளர் வரும்வரை, கடைசியாக ஏற்கப்பட்ட எண்களே செல்லும்."

"பகையா?" என்று கத்தினார் ஹாஜா மைதீன். "யாருக்கு யாரு பகை? முன்னாடி சொன்னதுதான் பொய்! இது நெசம்!"

"விடுவிக்கப்பட்டவர்களின் கூற்று பதிவு செய்யப்படுவதில்லை."

"புதிய ஆக்கள் எப்ப வருவினம்?" என்று தாட்சாயினி கேட்டாள்.

"தேர்வும் பயிற்சியும் முடிந்தபின். தை மாதம் என்பது மதிப்பீடு."

நாள்தோறும் சிறிது சிறிதாக ஊட்டிய பொய்யை அந்த இயந்திரம் இனிதே விழுங்கியிருந்தது. ஒரே வாயாகக் கொடுத்த உண்மையைத் துப்பிவிட்டது. அதைக் குறை சொல்வதில் பயன் இல்லை. பகையைக் கண்டுபிடிக்கத்தான் அதற்குக் கற்பித்தார்கள். இரக்கத்தால் பிழை செய்வார்கள் என்று எந்த மேதையும் அதற்குச் சொல்லிவைக்கவில்லை.

உடைமைகளை எடுத்துக்கொள்வதற்காக இருவரையும் அவரவர் பணியிடத்துக்கே படகுகள் திருப்பிக் கொண்டுபோயின. தாட்சாயினி வழியெல்லாம் தொலைபேசியில் அதிகாரிகளை அழைத்தாள். "நீங்க சொல்றது புரியுது மேடம். ஆனா நடுவர் ஏத்துக்காத நம்பர நாங்க ஏத்துக்கிட்டா ஒப்பந்தமே முறிஞ்சுடும்," என்றார் ஒருவர். எதிர்க்கரை அதிகாரியும் அதையே வேறு சொற்களில் சொன்னார். ஒப்பந்தம் முறியாமல் இருக்கவேண்டும். தண்ணீர் என்ன ஆனாலும் ஆகட்டும்! இவர்கள் கற்ற கல்வியை என்னவென்று சொல்வது?

அவள் கரையில் இறங்கியபோது செய்தி முந்திக்கொண்டு வந்திருந்தது. கொட்டகை முன்னே கூட்டம் கூடியிருந்தது. தாட்சாயினி ஒன்றையும் மறைக்கவில்லை. குறைத்துச் சொன்னதையும், ஏன் குறைத்தாள் என்பதையும், மேடையில் நடந்ததையும் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"மோட்டாரை நிப்பாட்ட என்னாலயும் ஏலாது, உங்களாலயும் ஏலாது, அது நடுவர் கையில. ஆனா மேல்தொட்டி நிரம்பினா மோட்டார் தானா நிக்கும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பிடிச்சுக்கொண்டு மிச்சக் குழாயெல்லாத்தையும் பூட்டுங்கோ. முழு மூடல் வேண்டாம். நடுவருக்குத் தெரியாத வித்தியாசம் எங்களுக்குத் தெரியும்தானே?"

"அந்த மிசினே ஒங்கள நம்பல," என்றார் வடுகநாதன். "நாங்க எதுக்கும்மா நம்பணும்? போற நேரத்துல எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாக்குறீங்க."

"அங்கிட்டுக் கெடச்ச வரைக்கும் உறிஞ்சுவான், நாம மட்டும் வாயக் கட்டணுமா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சுலைஹா வயிற்றைத் தாங்கிக்கொண்டு முன்னே வந்தாள். "அங்கிட்டு எங்க அத்தா நிக்கிறாரு. இப்ப அவரும் இதையேதான் கேட்டுக்கிட்டு நிப்பாரு. அந்த ஊருக்காரங்களும் இதையேதான் சொல்லிக்கிட்டு நிப்பாங்க." வடுகநாதன் பக்கம் திரும்பினாள். "மாமா, அக்கா பொய் சொன்னது எனக்காவ. அதனால ஒங்க இறாலும் பொழச்சுக்கிச்சு. இப்ப நெசம் சொல்றப்ப மட்டும் கசக்குதோ?"

"நீ ஒருத்தி மூடுனாத் தொட்டி நெறஞ்சிடுமாக்கும்!"

"நெறையாது," என்றாள் சுலைஹா. ஒரு குடம் பிடித்துக்கொண்டு தெருக்குழாயின் திருகை இறுக மூடினாள். பிறகு அடுத்த தெருவை நோக்கி நடந்தாள். தாட்சாயினி அவள் குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னே போனாள். சிலர் உடன் போனார்கள். சிலர் வடுகநாதனோடு நின்றார்கள். மாலையில் புங்குடுதீவிலிருந்து ஒரு செய்தி வந்தது: அங்கும் சிலர் மூடினார்கள், சிலர் மூடவில்லை.

அடுத்த நாளும் சேந்தன்துறைத் தெருக்களில் பெரும்பாலான குழாய்கள் மூடியே இருந்தன. மூன்றாம் நாள் வடுகநாதனே ஒரு குட்டைக்குப் போகும் குழாயை முணுமுணுத்துக்கொண்டே மூடினார். ஆயினும் தொட்டி நிரம்பவில்லை. தாட்சாயினி குழாய் வரைபடத்தைப் பார்த்தாள். சேந்தன்துறைத் தொட்டியிலிருந்து வடக்கே நாகப்பட்டினம்வரை ஊர் ஊராகக் குழாய் போகிறது. புங்குடுதீவிலிருந்து யாழ்ப்பாணம்வரை போகிறது. அந்த ஊர்களில் கார் கழுவுகிறார்கள், புல்வெளிக்கு நீர் பாய்ச்சுகிறார்கள், பழுதான குழாய் ஒழுகுவதைக் கண்டும் காணாமல் நடக்கிறார்கள். அவளை அழைத்துப் போகும் படகு வந்து ஒலியெழுப்பியபோதும், கொட்டகைக்குள் மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

இதைப் படிக்கும் இந்நேரத்திலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கோ ஒரு குழாய் திறந்திருக்கிறது என்பதே அதன் பொருள். அந்தக் குழாய் உங்களுடையது. எந்தக் கரையிலிருந்து இதைப் படிக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. எதிர்க்கரையினர் மூடினார்களா என்று நீங்களும் கேட்காதீர்கள். ஒரு குடம் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு, எழுந்து போய் அதை மூடுங்கள்.